நாலு விரல் கடல்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதுவதற்கென்றே சர்க்கார் ஒரு ஆளை வைத்திருந்தது. அவர் பெயர் இனிகோ. கடலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தனுக்குச் சம்பளமா என்று கடற்கரைத் தெருவே அவரைக் கேலி செய்யும். காலையில் குடையும் தூக்குவாளியுமாக அவர் கிளம்பினால், "என்ன மாமா, கடல் இன்னும் அங்கனதான் கெடக்கான்னு பாத்துட்டு வாரும்" என்று வலை சரிசெய்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள். இனிகோ கோபப்பட மாட்டார். "நான் பாக்காம விட்டா அது எங்கயாவது போயிரும்லா" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

நடப்பார் என்பது ஒரு மரியாதைக்குத்தான். வலது கால் மடங்காது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டலாக இருந்தவர் அவர். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். பாயும் ஆளும் அவன் சொன்னபடி கேட்கும். ஒரு காற்றில் பாய்மரத்தின் குறுக்குக்கட்டை முறிந்து முழங்காலில் விழுந்தது. ஆடுகிற தளத்தில் நிற்க முடியாதவனுக்குத் தோணியில் என்ன வேலை? துறைமுகத்தில் யாரோ சொல்லி, யாரோ கேட்டு, இந்த வேலை கிடைத்தது. இதையும் விட்டால் அவருக்கு வேறு பிழைப்புக் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவர் மனைவி அல்போன்சாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

தண்டல் ஆவதற்கு முன்னால், முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில், குளிப்பவர்களுக்கு மேலே கயிறு பிடித்தவர் இனிகோ. அள்ளி வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. சர்க்கார் தண்ணீருக்குள் இறங்காது, மூச்சு முட்டாது, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சர்க்கார் என்றால் இவ்வளவுதான், இதில் புரியாததற்கு ஒன்றும் இல்லை என்று அவர் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு எழுபத்து நான்காம் வருஷத்தோடு போயிற்று.

அவருடைய வேலைக்கு ஆதாரம் ஒரு தேக்குக் கம்பம். படித்துறைச் சுவரை ஒட்டித் தண்ணீருக்குள் செங்குத்தாக நிற்கும். சுவரில் அறைந்த இரும்புப் பட்டைக்குள் நுழைத்து ஒரு பெரிய போல்ட்டால் முடுக்கியிருந்தார்கள். கம்பத்தில் கோடும் எண்ணும் எழுதியிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் பார்த்து எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதற்குள் வெள்ளைக்காரன் காலத்து மிஷின் ஒன்று இருந்தது. கீழே குழாய்க் கிணற்றுக்குள் ஒரு மிதவை; மிதவை ஏறி இறங்க, மேலே சுற்றுகிற காகிதத்தில் ஒரு பேனா தானாகக் கோடு போடும். அந்த மிஷினில் ஒரு பல்சக்கரம் தேய்ந்துபோய் ஒருநாள் அது நின்றுவிட்டது. உதவிப் பொறியாளர் தாணுலிங்கம் புதுச் சக்கரம் கேட்டு மேலே எழுதினார். பதில் வருவதற்குள் மிஷினுக்குள் பல்லி முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது.

"வெளிநாட்டுச் சாமான் எறக்குமதி பண்ண லைசென்ஸ் கெடையாதுன்னுட்டான் இனிகோ" என்றார் தாணுலிங்கம். நாகர்கோவில்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு காகிதம் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. "ஏன்னு கேட்டா, இதெல்லாம் இப்ப நம்ம நாட்டுலயே செய்யுதாங்களாம்."

"பல்சக்கரத்தையா சார்?"

"இல்ல, முழு மிஷினையே."

"நமக்குப் பல்சக்கரந்தான சார் வேணும்?"

"அதத்தான் நானும் எழுதினேன். அதுக்குத்தான் முழு மிஷின் வருது."

இனிகோ தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். ஆட்டிய பிறகுதான், என்ன புரிந்து ஆட்டினோம் என்று யோசித்தார்.

மழைக்காலம் தொடங்கும்போது மிஷின் வந்தது. கூடவே அதைச் செய்தவனும் வந்தான். பெயர் வீரபாகு. உடன்குடிப் பக்கத்துப் பையன். பனங்காட்டை விட்டுச் சென்னைக்குப் போய், அம்பத்தூரில் பட்டறை வைத்து, தராசும் அழுத்தமானியும் செய்துகொண்டிருந்தவன். கடல் அளக்கிற மிஷினை இந்த நாட்டில் தானே செய்து காட்டுகிறேன் என்று துணிந்து இறங்கியிருந்தான். ஒரு கையில் மிஷின் பெட்டி, மறுகையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. அறைக்குள் நுழைந்ததும் பழைய மிஷினைக் கும்பிட்டுவிட்டுத்தான் கழற்றினான். அதைப் பார்த்ததுமே இனிகோவுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

புது மிஷினைப் பூட்டி முடித்த பிறகு பேனாவை எந்த உயரத்தில் வைப்பது என்ற கேள்வி வந்தது. வீரபாகு இனிகோவைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, கம்பத்துல இப்பத் தண்ணி எங்கன நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. அந்த எடத்துல பேனாவ வச்சிருதேன். உங்க கம்பந்தான் எனக்கு வேதப்புத்தகம்."

இனிகோ பார்த்துச் சொன்னார். வீரபாகு ஒரு திருகைத் திருப்பிப் பேனாவை அங்கே நிறுத்தினான். மிஷின் கோடு போட ஆரம்பித்தது. தாணுலிங்கம் தேங்காய் உடைத்தார், இனிகோ சிலுவை போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் தாணுலிங்கம் அவரை அறைக்குக் கூப்பிட்டு மேலிடத்து ஏற்பாட்டை விளக்கினார்.

"ஒரு வருஷம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். கம்பத்துல நீரு பாக்குறது ஒரு பக்கம், மிஷின் காட்டுறது ஒரு பக்கம். ஒத்து வந்தா மிஷின் நல்ல மிஷின். எல்லாத் துறைமுகத்துக்கும் இதையே வாங்கச் சொல்லிருவான்."

"நல்லது சார்."

"அப்புறம் கம்பம் பாக்க ஆள் வேண்டாம். மிஷினே எழுதிக்கும்."

இனிகோ கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆளு நாந்தான சார்?"

"நீருதான்."

"ஒத்து வரலேன்னா?"

"மிஷின் மட்டம்னு எழுதுவோம். வெளிநாட்டுல வாங்க லைசென்ஸ் கெடைக்கும். அது வார வரைக்கும் நீரு இருப்பீரு. டெல்லியில இருந்து ஒரு மிஷின் வார வேகம் உமக்குத் தெரியுமே, நீரு பென்ஷனே வாங்கிருவீரு."

"அப்ப மிஷின் நல்லதா மட்டமான்னு சொல்லப்போறது ஆரு சார்?"

"நீருதான். உள்ளத உள்ளபடி எழுதும்" என்று சொல்லிவிட்டுத் தாணுலிங்கம் முகத்தை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த மூளை உட்கார்ந்து யோசித்ததோ! ஒருத்தனுடைய வேலையைப் பறிக்க வந்த மிஷினுக்கு அவனையே நடுவராக வைத்து, நேர்மையாக இரு என்று சொல்லி அனுப்புகிறார்கள். இனிகோ வீட்டுக்கு வந்து அல்போன்சாவிடம் முழுவதையும் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் தலை நிமிராமலே சொன்னாள்:

"மட்டம்னு எழுதிட்டுப் போங்க. இதுல என்ன யோசன?"

"அது மட்டமா இருந்தாத்தானளா எழுத முடியும்?"

"கடல் என்ன சாட்சி சொல்ல வருதா?"

 பொய்க் கணக்கு எழுத அவர் கை போகாது. தோணியில் ஆழம் பார்க்கும்போது ஒரு பாகத்தை, அதாவது ஆறடியை, இரண்டு பாகம் என்று சொன்னவன் ஆளையும் சரக்கையும் தரையில் ஏற்றிவிடுவான். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியது. ஆகவே அவர் கண்டதை எழுதினார். இங்கேதான் சங்கடம். மிஷின் நன்றாக வேலை செய்தது. மழை ஈரத்தில் பேனா மை கொஞ்சம் கசியும், கடிகாரம் சில சமயம் சோம்பல் படும், மிதவையில் சிப்பி ஒட்டிக்கொள்ளும். சொல்லி அனுப்பினால் வீரபாகு ரயிலேறி வந்துவிடுவான். லாட்ஜில் தங்கப் போனவனை இனிகோதான் வீட்டுக்கு இழுத்து வந்தார். அல்போன்சா முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சோறு போட்டாள். அவன் "மதினி, இப்பிடி ஒரு மீன் கொழம்பு எங்க ஊருல கெடையாது" என்று இரண்டாம் தடவை சோறு வாங்கியதும் முகம் கொஞ்சம் இறங்கியது. போகப் போக, கருப்பட்டி வரவில்லை என்றால் அவளே கேட்க ஆரம்பித்தாள்.

தாணுலிங்கத்துக்கு வேறு ஒரு நினைப்பு இருந்தது. வெளிநாட்டு மிஷின் வாங்கினால் அதை ஓட்டப் பழக ஒரு பொறியாளரை அந்த நாட்டுக்கே அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அதனால் அடிக்கடி வந்து, "மிஷின் ஏதும் தகராறு பண்ணுதா? தயங்காம எழுதும்" என்பார். மேலிடத்திலிருந்தோ சுதேசிக் கருவியை ஊக்குவிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். அவசரநிலை வந்திருந்த வருஷம் வேறு. ஆபீஸில் எல்லோரும் நேரத்துக்கு வந்து சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றறிக்கை வந்த அன்று தாணுலிங்கம் "நல்ல மிஷின், இல்ல?" என்பார். மறுவாரம் "நல்லாப் பாரும், எங்கயாவது எடறும்" என்பார். நாட்டு மிஷின் வாழவேண்டும் என்கிறதா சர்க்கார், சாகவேண்டும் என்கிறதா என்று இனிகோவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அவர் மாதாவிடம் போனார். பனிமய மாதா கோயிலில் முழங்கால் போட முடியாமல் தூணில் சாய்ந்து நின்று வேண்டிக்கொண்டார். மிஷின் கெட்டுப்போக வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. உடனே வீரபாகுவின் முகம் வந்து நின்றது. மிஷின் நல்லா இருக்கட்டும் என்று ஆரம்பித்தார். அல்போன்சாவின் முகம் வந்தது. கடைசியில், "மாதாவே, எனக்கு ஒண்ணும் வெளங்கல, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஜூலை வந்தது. மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்னால் கடற்கரையில் பெயிண்ட் படாத பொருளே இருக்காது. வள்ளம், வாசல்கதவு, சிலுவை நிற்கும் குருசடி, மீன் பெட்டி எல்லாம் புதுசாகும். இனிகோவுக்குச் சொந்த வள்ளம் கிடையாது. அவருக்கு இருந்தது கம்பம்தான். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து, திருவிழாவுக்கு முன் போல்ட்டைக் கழற்றிக் கம்பத்தை மேலே தூக்கி, பாசி சுரண்டி, மாதாவுக்குப் பிரியமான நீலத்தைக் கம்பம் முழுக்கப் பூசி, வெள்ளையில் கோடும் எண்ணும் எழுதி, திரும்ப நிறுத்திவிடுவார். பெயிண்ட் டப்பா ஆபீஸ் ஸ்டோரிலிருந்துதான் வரும். அந்த வருஷமும் செய்தார். இரண்டு சுமைதூக்கிகளைக் கூப்பிட்டுக் கம்பத்தைத் தூக்கி இறக்கி, போல்ட் போட்டு முடுக்கினார். ஆகஸ்ட் ஐந்து, திருவிழா. மறுநாள் வேலைக்கு வந்து கம்பத்தைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். திரும்பக் கம்பத்தைப் பார்த்தார்.

மிஷின் குறைத்துக் காட்டியது. கொஞ்சநஞ்சம் இல்லை. தூத்துக்குடிக் கடல் ஏறி இறங்குவதே ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம். அதில் நாலு விரல் குறைந்தால் அது குறைவா? சாயங்காலமும் அதே நாலு விரல். மறுநாளும் அதேதான்.

இனிகோவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்பது மாதம் ஒழுங்காக ஓடிய மிஷின், திருவிழா முடிந்த மறுநாள் கெட்டுப்போயிருக்கிறது. யார் செய்த வேலை இது? அவருக்குச் சந்தேகமே இல்லை. நேரே கோயிலுக்குப் போய் அழுதார், பெரிய மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். அல்போன்சாவும் அழுதாள். அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. வீரபாகுவுக்குத் தந்தி கொடுக்கத் தபாலாபீஸுக்குப் போகும் வழியில் அந்தச் சந்தோஷமே வெட்கமாகவும் மாறியது.

வீரபாகு வந்தான். மிஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தான். மிதவையை மாற்றினான், கம்பியை மாற்றினான், குழாய்க் கிணற்றைத் தோண்டிச் சேறு எடுத்தான். பூட்டிப் பார்த்தால் அதே நாலு விரல். ஊருக்குப் போய், தூங்காமல் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அதே நாலு விரல். தாணுலிங்கம் அறிக்கை தயாரிக்க ஆரம்பித்துவிட்டார். இந்தியக் கருவி தரமானதல்ல, நம்பத்தகாதது, இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். இனிகோ பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும்.

அறிக்கை போவதற்கு முதல் நாள் மத்தியானம் வீரபாகு இனிகோ வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

"பட்டறையில பசங்க கேக்காங்க அண்ணாச்சி, எங்க தப்புன்னு. எனக்கே தெரியலேன்னு எப்பிடிச் சொல்லுவேன்? தப்பு தெரிஞ்சா திருத்திரலாம். தெரியாத தப்ப என்ன செய்ய?"

"சாப்புடுங்க தம்பி" என்றாள் அல்போன்சா. கேட்காமலே இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள்.

"இனி ஒருத்தனும் எங்கிட்ட வாங்க மாட்டான். மட்டமான சாமான் செய்யுதவன்னு சர்க்கார் முத்திர குத்தின பெறகு, தராசு கூட விக்காது."

இனிகோ பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினார். படித்துறைக்குப் போனார். நல்ல வற்றம், தண்ணீர் இறங்கிக் கம்பம் முக்கால்வாசி வெளியே நின்றது. தண்ணீர் ஓரம் வரை இறங்கி உட்கார்ந்து, மாதாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் பெயிண்ட் பாலாடை மாதிரிச் சுருங்கிக் கிழிந்திருந்தது. விரலால் தொட்டார். விரல் உள்ளே போனது.

அங்கே ஒரு ஓட்டை இருந்தது. போல்ட் போடுகிற ஓட்டை. ஓரமெல்லாம் இரும்புத் துரு ஊறிப் பழுப்பாகியிருந்தது. வருஷக்கணக்கில் போல்ட் இருந்த தடம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கம்பத்தை முதலில் நட்ட மேஸ்திரி ஒரு ஓட்டையைத் தப்பாகப் போட்டு, அப்புறம் இன்னொன்று போட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திருவிழாவுக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்தியபோது மாற்றிப் போட்ட போல்ட் இப்போது மேல் ஓட்டையில் இருந்தது. மேல் ஓட்டையில் இருந்தால் கம்பம் கீழே இறங்கி நிற்கும். கம்பம் கீழே இறங்கினால் தண்ணீர் உயரமாகத் தெரியும். இரண்டு ஓட்டைக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தார். நாலு விரல்.

மிஷின் கெடவே இல்லை. கடற்கரையிலேயே உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

முதலில் அவருக்கு மாதா மேல்தான் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இல்லை. போன வருஷம் எந்த ஓட்டையில் போட்டோம்? அதற்கு முந்தின வருஷம்? இருட்டில் சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி, கைக்கு அகப்பட்ட ஓட்டையில் போட்டிருப்பார். பழைய மிஷின் நின்றுபோன பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. அப்படியானால் வருஷக்கணக்காக அவர் பார்த்து எழுதிய கடல் எது? உண்மையான கடலா, நாலு விரல் கூடின கடலா? யாரைக் கேட்பது?  

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஒரு சொட்டுப் பெயிண்ட் வைத்தால் ஓட்டை மூடிவிடும். அல்போன்சாவுக்கு வயிறாரச் சோறு. இதையெல்லாம் அவர் நினைக்காமல் இல்லை, நன்றாகவே நினைத்தார். ஆனால் தப்பு எங்கே என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். தப்பு எங்கே என்று இவருக்குத் தெரியும். விந்தி விந்தி வீட்டுக்குப் போய், வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

வீரபாகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அல்போன்சா உள்ளே போனாள். பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

இருவரும் தாணுலிங்கத்திடம் போனார்கள். அவர் கேட்டார், கேட்கக் கேட்க முகம் வெளுத்தது.

"கம்பத்தக் கழத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குவே, தெரியுமா உமக்கு?"

"தெரியாது சார். வருசா வருசம் பெயிண்ட் டப்பா நீங்கதான சார் குடுத்தீங்க?"

தாணுலிங்கம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இது மேலே போனால் கம்பம் எப்போது இறங்கியது என்று கேட்பார்கள். எந்தெந்த வருஷக் கணக்கு சரி, எது தப்பு என்று கேட்பார்கள். டப்பா கொடுத்தது யார் என்றும் கேட்பார்கள். நாட்டு நிலைமையோ அப்படி. வெளிநாட்டுப் பயணம் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மனசைவிட்டுப் போய்விட்டது. வீரபாகுவிடம் திரும்பினார்.

"உம்ம மிஷின் நல்ல மிஷின்தான். திருப்திகரம்னு எழுதுதேன். ஆனா கம்பத்த இனி ஒருத்தரும் தொடக் கூடாது. நீரு பேனாவ நாலு விரல் மேல தூக்கி வச்சிரும். ரெண்டும் ஒத்துப் போவும். சின்ன ரிப்பேர், சரி பண்ணியாச்சுன்னு முடிச்சிருவோம்."

"சார், தப்பு கம்பத்துலலா இருக்கு? மிஷின ஏன் சார் தப்பாக்கணும்?" என்றார் இனிகோ.

"கம்பத்த நகத்தினா அது விசாரண. பேனாவ நகத்தினா அது ரிப்பேர்."

இனிகோ வீரபாகுவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஷின் அறைக்குள் போய் அந்தத் திருகைத் திருப்பினான். அரை நிமிஷ வேலை. "ஒரு திருகுதான் அண்ணாச்சி" என்றான் வெளியே வந்து. "பட்டறையில பதினோரு பேரு இருக்காங்க." அன்றைக்கு அவன் சாப்பிட வரவில்லை, ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டான்.

மிஷின் திருப்திகரம் என்று அறிக்கை போயிற்று. அடுத்த வருஷம் கோடையில் இனிகோவுக்குக் கடிதம் வந்தது: தானியங்கிக் கருவி செவ்வனே இயங்குவதால் இந்தப் பணியிடம் தேவையில்லை.

கடைசி நாள் அவர் கையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினார். கம்பத்தைச் சரியான ஓட்டைக்கு மாற்றிவிட வேண்டும் என்றுதான் போனார். போல்ட்டில் ஸ்பேனரை வைத்த பிறகுதான் உறைத்தது. கம்பத்தைச் சரி செய்தால் மிஷின் பொய் சொல்வதாகிவிடும், வீரபாகுவின் பிழைப்புப் போய்விடும். சரி செய்யாமல் விட்டால் கம்பமும் மிஷினும் சேர்ந்து பொய் சொல்லும், ஒருத்தருக்கும் தெரியாது. எது நியாயம்? ஸ்பேனரோடு நின்றார், உட்கார்ந்தார், திரும்ப நின்றார். கடைசியில் போல்ட்டைத் தொடவில்லை. கீழ் ஓட்டையில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டி நன்றாகத் திறந்துவிட்டார். மிச்சமிருந்த நீலப் பெயிண்டால் அதைச் சுற்றி ஒரு தடித்த வட்டம் போட்டு, நடுவில் வெள்ளை தீட்டினார். பார்க்கிறவன் எவனாவது, இது என்ன என்று கேட்காமலா போவான்? கேட்டால் கடற்கரைத் தெருவில் எவனும் தன் வீட்டு வழி சொல்லுவான், வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று எண்ணினார்.

உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தைக் காவல் காக்கிற வேலை கிடைத்தது. வெயில் அதிகம், சம்பளம் குறைவு. அல்போன்சா ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கருப்பட்டிப் பெட்டி மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்சலில் வரும், கூடக் கடிதம் இருக்காது. அவள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். யாரும் வந்து எதையும் கேட்கவில்லை. நேர்ந்த மெழுகுவர்த்தி ஏற்றப்படாமல் அலமாரியில் கிடந்தது. அற்புதம் இல்லை என்று ஆன பிறகு அதை ஏற்றுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

எழுபத்தொன்பதில், திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று, அவர் பழைய துறைமுகப் பக்கம் போனார். ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து அன்றுதான் போகிறார். படித்துறையில் பத்து இருபது பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தார். கம்பத்தில் பூமாலை தொங்கியது. இரும்புப் பட்டையில் மெழுகு வழிந்து காய்ந்து அடுக்கடுக்காக இருந்தது. நீல வட்டத்துக்கு யாரோ புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து அந்த ஓட்டையைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்து, சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

"என்னல இது?" என்று கேட்டார், முன்னால் நின்ற இளைஞனிடம்.

"மாதா கண்ணு மாமா. தெரியாதா? தானா வந்துச்சாம். இது வந்ததுல இருந்து இந்தத் தொறையில ஒரு தோணிக்கும் சேதம் கெடையாது."

"இது ஓட்டைல. போல்ட்டு போடுற ஓட்டை. நாந்தான் பெயிண்ட் அடிச்சேன்."

இளைஞன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பின்னால் நின்ற ஒரு பெண் அதட்டினாள். "மாதா காரியத்துல வெளையாடாதீரும் பெரியவரே. தொட்டுட்டு நவுரும், பின்னால ஆள் நிக்குல்லா."

இனிகோவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இதைத்தான் ஒருத்தனாவது பார்க்க வேண்டும் என்று அவர் தவித்தார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பழக்க தோஷத்தில் கண் கீழே போயிற்று. தண்ணீர் நின்ற கோட்டைப் படித்தார், அதிலிருந்து நாலு விரலைக் கழித்தார், வந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பின்னால் நின்ற ஆள் முதுகில் இடித்தான். அவர் குனிந்து, மற்றவர்களைப் போலவே, அந்த ஓட்டையைத் தொட்டு முத்தி செய்துவிட்டு நகர்ந்தார்.